எரிச்சல் நின்றுவிட்டதா? உஷார்!

"மூணு வருஷமா உள்ளங்கால் தீயா எரிஞ்சுது, ராத்திரி தூக்கமே கிடையாது. இப்ப கொஞ்ச நாளா எரிச்சலே இல்ல, சரியாயிடுச்சு" என்று சர்க்கரை நோயாளி ஒருவர் உங்களிடம் சந்தோஷமாகச் சொன்னால், நீங்களும் சேர்ந்து சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, அவர் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

மருந்தால் எரிச்சல் அடங்கியிருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் குறைந்திருக்கலாம். அப்படியானால் நல்லது. ஆனால் எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பே செத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குணமாகிவிட்டது என்று நம்பி ஒருவர் வெறுங்காலோடு வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். குதிகாலில் குண்டூசி ஏறியிருக்கும். சாக்கடை நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் தேடும்போதுதான் புண் இருப்பதே தெரியவரும்.

இதைப் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். தறி வேலையில் கைக்குத்தான் பெயர். பாதி வேலை காலுடையது. குழித்தறியில் வெறுங்காலைக் குழிக்குள் இறக்கி நாள் முழுக்க மிதிக்க வேண்டும். விசைத்தறியில் தறிகளுக்கு நடுவே நின்றபடியே ஷிப்டு கழியும். தரையில் உடைந்த தார்க்குச்சித் துண்டு, கம்பி, ஆணி எல்லாம் கிடக்கும். உணர்ச்சி உள்ள கால், குத்தியதும் தானாகத் துள்ளும். உணர்ச்சி இல்லாத கால் அதன்மேலேயே நின்று ஷிப்டை முடித்துவிட்டு வரும்.

மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கால் ஷூவுக்குள் இருக்கிறது. எட்டு மணி நேரம், ஓவர்டைம் பார்த்தால் பன்னிரண்டு. சேஃப்டி ஷூ வெளியிலிருந்து விழும் இரும்பைத் தடுக்கும். உள்ளே விழுந்து கிடக்கும் நட்டை என்ன செய்யும்? மரத்த கால் அந்த நட்டை ஷிப்டு முழுக்க மிதித்துக்கொண்டிருக்கும். போடுவதற்கு முன் ஷூவைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இது எங்கோ ஓரிருவர் பிரச்சினை இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வின் கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். ஆண்டுக்கணக்கில் ஏறிய சர்க்கரை முதலில் கெடுப்பது உடம்பின் நீளமான நரம்புகளின் நுனியை. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடும் நரம்பு அது. அதனால்தான் தொல்லை கால்விரலில் தொடங்கிக் கணுக்கால், கெண்டைக்கால் என்று சாக்ஸ் போட்டதுபோல் மேலே ஏறுகிறது. முதலில் மதமதப்பு, பிறகு ராத்திரி எரிச்சல், ஊசி குத்தல். போர்வை பட்டாலே சிலருக்கு வலிக்கும். அப்புறம் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கும். செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் நாலு எட்டு நடந்திருப்பார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வருவார்கள். உஷார் என்று நான் கத்துவது இந்த இடத்தில்தான்.

முதல் ஆபத்து சூடு. உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொல்வார்கள். மணல் ஒத்தடம், செங்கல் ஒத்தடம் என்பார்கள். சில பிஸியோதெரபி கிளினிக்குகளிலேயே காலைப் பரிசோதிக்காமல் மெழுகு ஒத்தடம் கொடுப்பதும் சிவப்பு விளக்குச் சூடு காட்டுவதும் உண்டு. சூடு அதிகமானால் காலை இழுத்துக்கொள்ளச் சொல்வது நரம்பு. அந்த நரம்புதான் இங்கே வேலை செய்வதில்லையே. "சூடே தெரியலம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தாத்தா சொல்லும்போது தோல் வெந்துகொண்டிருக்கும். மறுநாள் கொப்புளம், அடுத்த வாரம் புண், அதற்கடுத்து விரலை எடுக்கலாமா என்ற பேச்சு. மரத்த காலுக்கு எந்த ரூபத்திலும் சூடு வேண்டாம். இதில் பாட்டி வைத்தியம், மெஷின் வைத்தியம் என்ற பேதமே இல்லை.

இரண்டாவது, மண்டபத்து மெஷின். காலை மேலே வைத்தால் போதும், அதிரும், நரம்பெல்லாம் உயிர்க்கும் என்று சொல்லி முகாம் போடுவார்கள். இலவசம் என்று தொடங்கும். கடைசி நாளில் மெஷின் விலைக்கு வரும். அதிர்வு முடிந்ததும் கால் லேசாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம். கால் லேசானதால் நரம்பு முளைத்துவிட்டது என்று ஆகாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் அகச்சிவப்புக் கதிர்ப் பட்டைகள் ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே பரபரப்பாக விற்றன. நிஜக் கருவியையும் போலிக் கருவியையும் எது எதுவென்று சொல்லாமல் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் டயாபடீஸ் கேர் இதழில் வந்தது. போலியைவிட நிஜம் ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. மெல்லிய மின்தூண்டலான டென்ஸ் சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. அதையும் உணர்ச்சி இல்லாத தோலில் ஒட்டக்கூடாது.

மூன்றாவது, முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் பூங்காவில் இருக்கும் கூழாங்கல் பாதையும். நல்ல காலுக்கு அது சுகம். மரத்த காலுக்கு ஒரே இடத்தில் விழும் அழுத்தம், பிறகு தடிப்பு, தடிப்புக்குக் கீழே சீழ். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், மெடிக்கலில் விற்கும் கார்ன் பிளாஸ்டரை ஒட்டுவதும் இதே வகைதான். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் அமிலம் ஆணியோடு நிற்காது, பக்கத்துத் தோலையும் அரிக்கும்.

வலி இல்லாத கால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு விளங்கவைத்தது நம் பக்கத்து வேலூர்தான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்க்கத் தொடங்கினார். விரல்கள் நோயால் தானாக அழுகி உதிர்கின்றன என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் உடன் வேலை செய்தவர்களும் ஒவ்வொரு காயத்தின் கதையையும் தோண்டிப் பார்த்தார்கள். ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் காணாமல் போகிறதே என்று தேடினால், தூங்கும்போது எலி கடித்திருக்கிறது! நோயாளிக்குத் தெரியவே இல்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். சதை அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் படுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் காலிலும் நடப்பது இதேதான் என்று கண்டு சொன்னார். காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியிலும் வேலூரிலும் தொழுநோயாளிகளுக்காகப் பரவிய எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகள் காலில் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே மீளும் மிருதுவான ரப்பர். குதிகாலுக்குப் பின்னால் வார். பார்க்க அழகில்லை என்று போட வெட்கப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்துக்குக் காலை விலையாகக் கொடுப்பதா?

சரி, கால் மரத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. "எனக்கு எல்லாம் தெரியுதே" என்பார். பரிசோதிப்பவர் கையில் ஒரு நைலான் இழை இருக்கும். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் அது வில்லாக வளையும். அதைக் காலில் சில இடங்களில் வைத்து எடுப்பார்கள்.

"தாத்தா, கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போது ஆமான்னு சொல்லணும்."

"சரி பாப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எப்பம்மா ஆரம்பிப்ப?"

"நாலு இடம் முடிஞ்சிடுச்சு தாத்தா."

கூட வந்த மகள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனை முடிய சில நிமிஷம்தான் ஆகும். இதோடு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்பார்கள். கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்ப்பார்கள். காலைத் தொட்டே பார்க்காமல், "வாங்க, படுங்க, பத்து நாள் கரண்ட் வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பி.பி.டி. பட்டம் உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிஸியோதெரபி என்று போர்டு வைத்தவரெல்லாம் நாலரை வருஷம் படித்து வந்தவரா என்பது நமக்கென்ன தெரியும்?

நைலான் இழை கையில் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே முதல் கட்டமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் ஜெர்ரி ரேமன் குழுவினர் எளிமையாக்கிக் கொடுத்தது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் பூப்போலத் தொட்டு, ஒன்றிரண்டு விநாடி வைத்து எடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது.

இனி தள்ளாட்டம். நாம் நிலையாக நிற்பது மூன்று தகவல்களால்: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். பாதத்துத் தகவல் நின்றுபோனால் கண்தான் அந்தக் குறையைச் சமாளிக்கும். அதனால்தான் பகலில் நன்றாக நடக்கிறவர், கரண்ட் போன ராத்திரியில் பாத்ரூம் போகும் வழியில் விழுகிறார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் ஆடுகிறீர்களா? குனிந்து முகம் கழுவும்போது குழாயைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா? இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று சொல்லி ஒதுக்காதீர்கள். கால் நரம்பு எழுதி அனுப்பிய கடிதம் அது.

விழுவதற்கு மாத்திரைகளும் காரணமாகலாம். எரிச்சலுக்குத் தரும் பிரீகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் சிலருக்குக் கிறுகிறுப்பைத் தரும். சர்க்கரை தானியங்கி நரம்புகளையும் பாதித்திருந்தால், படுத்து எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சரியும். ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, கணுக்காலை நாலு தடவை மேலும் கீழும் ஆட்டி, லைட்டைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். தாழ்வாரத்தில் ஒரு சின்ன ராத்திரி பல்பு எரியட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கிறுகிறுப்பைச் சொல்லுங்கள்.

அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும், தள்ளாடும். எல்லாப் பழியையும் சர்க்கரைமேல் போட்டுவிட்டால் ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரியக்கூடியது தெரியாமலே போகும். ஆனால் பரிசோதிக்காமல் மெடிக்கலில் "நரம்பு மாத்திரை" வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷப்பரீட்சை. அவற்றில் பலவற்றில் பி6 இருக்கிறது. அளவு மீறினால் அந்த பி6 தானே நரம்பைக் கெடுக்கும்.

இத்தனை பயமுறுத்திய பிறகு, "அப்போ நடக்கவே கூடாதா" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் மரத்த காலோடு நடக்காதே என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவின் மிசௌரியில் 79 பேரை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வு அதை அசைத்தது. கால் தசைக்கும் நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி கொடுத்து, நடையையும் மெதுவாகக் கூட்டினார்கள். அதனால் புண் கூடவில்லை. சர்வதேச நீரிழிவு பாதப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதலும், ஆபத்து குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கு 8 முதல் 12 வாரம் கால், கணுக்கால் பயிற்சியைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ஆக, மெஷினைவிட நம்பகமான மருந்து உடற்பயிற்சிதான். என்ன, அதை விற்க மண்டபம் பிடிக்க முடியாது.

நல்ல பிஸியோதெரபிஸ்ட் என்ன சொல்லித்தருவார்? உட்கார்ந்தபடி தொடங்குவார். தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும். கணுக்காலை மேலே கீழே, வட்டமாக அசைக்க வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகிப்போயிருக்கும். சுவரில் கை ஊன்றி அதை நீட்டிவிட வேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் நடக்கும் ஒவ்வொரு தடவையும் பாதத்தின் முன்பகுதியில் பாரம் விழும், முதல் புண் பெரும்பாலும் அங்கேதான். பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. அதுவும் சுலபமானால், ஒரு காலுக்கு முன்னால் மறு காலைக் குதிகால் விரலில் படும்படி வைத்து நிற்பது. நிற்கும் இடம் சுவர் மூலையாக இருக்கட்டும்: சாய்ந்தால் இரண்டு சுவரும் தாங்கும். எதிரே ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள். கம்பியை இரண்டு கையால் பிடித்தவர் ஒரு கைக்கு வருவார், பிறகு ஒரு விரலுக்கு. கண்ணை மூடிச் செய்யும் வித்தை கடைசியில்தான், அதுவும் பிஸியோ பக்கத்தில் இருந்தால் மட்டும். யூடியூப் பார்த்து முதல் நாளே ஒற்றைக்காலில் நிற்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் என்னிடம் வராதீர்கள்.

எல்லாமே செருப்போடு, வீட்டுக்குள்ளும். வெறும் வயிற்றில் வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. காலில் புண் இருந்தால் நின்று செய்யும் எதுவும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அந்தச் செருப்பு உங்களுக்கானது இல்லை.

ஆடிக் கிருத்திகை வந்தால் இந்தப் பக்கத்துச் சனம் முழுக்கத் திருத்தணி மலையில் இருக்கும். வெறுங்காலோடு காவடி, கொதிக்கும் கருங்கல், 365 படி. முருகனிடம் வேண்டிக்கொண்டதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. கால் மரத்தவர் வெயிலுக்கு முன்னால் விடியற்காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் மேலே வரை வண்டியில் போகலாம், சாலை இருக்கிறது.

இதற்கெல்லாம் சென்னைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் பிஸியோதெரபி உண்டு. சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம், "பிஸியோ அம்மாவ ஒரு தடவ கூட்டி வாங்க, கால் மரத்துப்போச்சு" என்று சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். கால் பரிசோதனைக்கென்றே அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். புண்ணுக்குத் திருத்தணி அரசு மருத்துவமனை, அதற்கு மேல் 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை பர்ஸில்தான் இருக்கிறது, காலைக் காட்ட ஒரு நாள் எடுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-க்குப் போன் போடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறது. வலி அவ்வளவாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ ஆள் கூப்பிடுவார்கள். கூடாது! அது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் உடைந்து இடம் மாறிக்கொண்டிருக்கும். நடக்க நடக்கப் பாதத்தின் வளைவே நொறுங்கி அடிப்பக்கம் உருண்டுவிடும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம், அதை வைத்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நீவல், பயிற்சி, நடை எல்லாவற்றையும் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். காலை ஊன்றாமல் ஆட்டோ பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "இது சார்கோவா பாருங்க டாக்டர், எனக்குச் சுகர் இருக்கு, கால்ல உணர்ச்சி இல்ல" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.